எச்சம்

செவ்வாய்க்கிழமைகளில் பாஸ்தா.
செவ்வாய்க்கிழமைகளில்தான் அதிகம் வீணாகிறது
என்பது என் கருதுகோள்.
அது நிற்குமா விழுமா என்று பார்க்க,
புள்ளியியல் வகுப்புக்காக, மூன்று வாரம்
சாப்பாட்டுக் கூடத்தின் பின்கட்டில்
ரப்பர் கையுறையோடு நிற்கிறேன்.

மினசோட்டாவில் மார்ச்.
வெளியே பனி இன்னும் இடுப்பளவு.
உள்ளே நீராவி; மூக்குக்கண்ணாடியில் அதே வெள்ளை.
காலையில் கிரேக்க நாடகம்,
மதியம் களிமண் வகுப்பில்
மூன்றாவது தடவையும் கோணிப்போன கிண்ணம்,
மாலையில் இது:
பட்டையில் நகர்ந்து வரும் எச்சில் தட்டை எடு,
தராசில் வை,
தட்டின் எடையைக் கழி,
மிச்சத்தை எழுது.
எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் படிக்கத்தான் வருகிறேன்
என்று விண்ணப்பக் கட்டுரையில் நானே எழுதியிருக்கிறேன்.
வேறு யாரைத் திட்ட?

ரொசால்பா இங்கே பதினோரு வருடமாகப் பாத்திரம் கழுவுகிறாள்.
"எடை போட்டு என்ன கண்டுபிடிக்கப் போகிறாய், மாரென்?
ப்ரோக்கோலியை ஒருத்தரும் தின்பதில்லை.
என்னைக் கேட்டிருந்தால் அரை நிமிடம்."
உன் மாதிரியின் அளவு ஒன்றுதானே
என்று சொல்ல வாயெடுத்தேன்.
பதினோரு வருடம் ஞாபகம் வந்தது.
மூடிக்கொண்டேன்.

சராசரி தொண்ணூற்றாறு கிராம்.
தட்டு எண் 212: நானூற்றுப் பத்து.
தொடவே இல்லை. முள்கரண்டி பளபளவென்று.
அடியில் ஒரு காகித நாப்கின், நீல மை,
இரண்டு பக்கமும் நெருக்கி எழுதிய நிரூபணம்.
ஏதோ ஒரு தொடர் குவிகிறது என்கிறான்.
அல்லது என்கிறாள்.
சாஸ் ஒரு சொட்டும் படவில்லை.

ரொசால்பா இதுபோல் ஒன்பது ஒட்டி வைத்திருக்கிறாள்,
தீயணைப்புக் கருவிக்குப் பக்கத்துச் சுவரில்.
"முக்கியமானது மாதிரி இருந்தது.
கிழிக்க மனசு வரவில்லை."

விலகி நிற்கும் எண்ணைக்
காரணமில்லாமல் நீக்காதே என்பது வகுப்பில் விதி.
காரணம் தெரிந்துவிட்டால் என்ன செய்வது
என்று யாரும் கேட்கவில்லை.

ஆறாவது நாப்கினில் ஐந்தாம் வரி.
இருபுறமும் ஓர் எண்ணால் வகுத்திருந்தது.
அது பூஜ்ஜியமாக இருந்தால்?
மூன்று தட்டுகள் எடை போடாமலே என்னைக் கடந்து போயின.
(அறிக்கையில், குறைபாடுகள் என்ற தலைப்பில்
இதையும் சேர்க்க வேண்டும்.)

பட்டை ஒரு பக்கம்தான் ஓடும்.
அங்கிருந்து இங்கே வரும், இங்கிருந்து எங்கும் போகாது.
ஆனால் நாப்கின் டப்பாக்களை நிரப்புவது ரொசால்பா.
மேஜை அவளுக்குத் தெரியும், ஜன்னலோரம், ஹீட்டரை ஒட்டி.
முகம் தெரியாது; எப்போதும் குனிந்தே இருக்குமாம்.
எழுதிக் கொடுத்தேன்:
'ஐந்தாம் வரி. பூஜ்ஜியம் என்றால்?'
முதல் தாளாக வைத்துவிட்டு வந்தாள்.

இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை.
சராசரி அசையாமல் இருந்தது.
என்னால்தான் முடியவில்லை.

எதிர்பார்த்ததைக் கழித்தபின் நிற்பது எச்சம்.
கோட்டை எப்படிப் போட்டாலும்
புள்ளிக்குப் புள்ளி கொஞ்சம் இருக்கும்,
மேலேயோ கீழேயோ.
சரியாகப் போட்டால், அத்தனையும் கூட்டினால் பூஜ்ஜியம்.
அதைப் போன வாரம்தான் நிறுவினோம்.
நிறுவிவிட்டுச் சாப்பிடப் போனோம்.

வியாழன் இரவு, தட்டு எண் 689.
மக்ரோனி ஆறிக் கட்டிதட்டியிருந்தது.
நாப்கினில் முழு நிரூபணமும் குறுக்கே ஒரு கோட்டில் போயிருந்தது.
கீழே:
'பூஜ்ஜியம்தான். எல்லாம் போச்சு. நன்றி.
நீ யார்?'

ரொசால்பா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.
"ஜெயித்தாயா?"
தெரியவில்லை என்றேன்.

தட்டின் ஓரத்தில் தொடாத ரொட்டி ஒன்று.
காலையிலிருந்து நானும் சாப்பிடவில்லை.
தராசில் வைக்கும் முன் தின்றுவிட்டேன்.
முள் முன்னூற்று எண்பத்திரண்டில் நின்றது.
எழுதினேன்.
இங்கே எல்லா ரொட்டியும் ஒரே எடை,
நூறு தடவை பார்த்தாயிற்று.
பக்கத்தில் சின்ன எழுத்தில் அடிக்குறிப்பு:
மீதி நாற்பத்தெட்டு கிராம், நான்.